மூன்றாம் லயத்து ஜீப்

மகன் பேசத் தொடங்கியபோது பொன்னம்மைக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரஜின் அதிகம் பேசாத பிள்ளை. பொன்முடி மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து மூன்றாம் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவன் பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டால் தலையை ஆட்டுவான். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவன் இருபத்துநாலாவது வயதில், தை மாதத்துக் குளிரில், மஞ்சு என்று அவர்கள் சொல்லுகிற மூடுபனி இறங்கிய ஒரு நாள், அடுப்புக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.

"யம்மா, மஞ்சுக்குச் சத்தம் உண்டு, கேட்டியா? கீழ கல்லாத்துலேருந்து அது ஏறி வரும்போ சேலை உரசுத மாதிரி ஒரு சத்தம். நீ செடிக்கு ஊடால நடப்பேல்லா, அதே சத்தம்."

"மஞ்சுக்கு ஏதுலே சத்தம்?"

"உண்டு யம்மா. இந்தச் செடியெல்லாம் பாரு. நாம வெட்டி வெட்டி இடுப்பு ஒசரத்துல நிறுத்தி வச்சிருக்கோம். விட்டா இது மரம். பழைய டிவிஷன்ல பாத்தேல்லா, ஆளில்லாம விட்ட இடத்துல எல்லாம் மரமா நிக்கி. அப்போ ஒவ்வொரு செடிக்கும் தான் மரம்னு ஞாபகம் இருக்கும்லா? நாம வெட்டும்போல்லாம் அது என்ன நெனைக்கும்?"

மரச்சீனிக் கிழங்கு வெந்து பானைக்குள் புரண்டுகொண்டிருந்தது. பொன்னம்மை காந்தாரி மிளகாயை உப்போடு வைத்து நசுக்கிக்கொண்டே கேட்டாள். இருபத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். செடிக்கு ஞாபகம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிரையில் நின்றபோது, கை தானாக இலையைக் கிள்ள, அவள் செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து நிரைப் பெண்களிடம், "எம் புள்ள பேசுதான்" என்று சொன்னாள். பல் முளைத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி.

நாலாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது. அவனுக்கு எடுத்து வைத்த கிழங்கு மூன்று நாளாகத் தட்டில் அப்படியே இருந்தது. பாய் விரித்தபடியே கிடந்தது. முற்றத்தில் தான் ஓட்டுகிற ஜீப்பின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக அடுக்கி, ஒரே போல்ட்டை மணிக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருந்தான். வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தான். கண்ணில் கருமணி மட்டும்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் புருஷன் லிங்கம் பாக்டரியிலிருந்து வந்தான். அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. புருவத்தில்கூடச் சாம்பல் இருக்கும். கொஞ்சநேரம் வாசலில் நின்று மகன் பேசுவதைக் கேட்டான். பிறகு உள்ளே வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

"பொன்னம்மே, அது பேச்சில்ல. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் பேசினேன்."

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். லிங்கம் தோட்டத்துக் கொழுந்து லாரியை இருபது வருடம் ஓட்டியவன். அந்த இருபது வருடமும் குடித்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நட்ட நடு மத்தியானம், மலைப்பாதையின் பதினோராவது வளைவில் மூட்டைகளோடும் மேலே இருந்த ஆறு பெண்களோடும் லாரியைச் சாய்த்தான். யாரும் சாகவில்லை. பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்த வடிவம்மாளுக்கு மட்டும் இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவள் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். அதற்குப் பிறகாவது லிங்கம் நிறுத்தினானா என்றால், இல்லை. இன்னும் இரண்டு வருடம் குடித்து, ரத்தமாக வாந்தியெடுத்து, மெடிக்கல் காலேஜில் பதினேழு நாள் கிடந்த பிறகுதான் நிறுத்தினான். நிறுத்தினவன் பேச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டான். எந்த வண்டியின் ஸ்டியரிங்கிலும் கை வைப்பதில்லை. மகனுடைய ஜீப்பைக் கழுவக்கூட மாட்டான்.

அந்த ஜீப்தான் மூன்றாம் லயத்துக்குக் கால். பஸ் ஒரு நாளைக்கு மூன்று முறை மெயின் ரோட்டில் வரும். மழை கனத்தால் அதுவும் இல்லை. காலையில் லயத்துப் பிள்ளைகள் பதினொன்றையும் ஏற்றிக் கீழே பள்ளிக்கூடத்தில் விடுவது பிரஜின். ரேஷன் அரிசி கொண்டுவருவது, காய்ச்சல்காரர்களை அடிவாரத்து விதுரா ஆஸ்பத்திரிக்கு இறக்குவது எல்லாம் அவன்தான். சனி ஞாயிறு ஆனால் நகரத்திலிருந்து வருகிற இளவட்டங்களை மலை சுற்றிக் காட்டுவான். புல்மேட்டில் டெண்ட் போட்டு வாடகைக்கு விடுகிற லிஜோ என்பவன் அந்த ஓட்டங்களைக் கொடுத்தான். ராத்திரியும் பகலும் ஓட்டம் வந்தபோது, தூக்கம் வராமலிருக்க ஒரு பொடியையும் கொடுத்தான்.

டி.வி.யில் மலையாளச் செய்தியில் அதற்கு ராசலஹரி, அதாவது ரசாயனப் போதை, என்று சொல்லுவார்கள். பொன்னம்மை தினமும் கேட்ட சொல்தான். மகன் தாயை வெட்டினான், மாணவன் மாணவனை அடித்தான், எங்கோ ஒரு பிளாட்டில் பிடித்தார்கள் என்று வரும். அதெல்லாம் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் நடப்பது, இவ்வளவு குளிரில் அது ஏறி வராது என்று நினைத்திருந்தாள்.

இரண்டு நாள் பிணம்போலத் தூங்கி எழுந்த பிரஜின் வேறொரு ஆளாக இருந்தான். கஞ்சித் தட்டைச் சுவரில் எறிந்தான். "என்னைப் பாக்காதே, பாக்காதேன்னு எத்தன மட்டம் பறஞ்சேன்" என்று அலறினான். அவள் பார்க்கவே இல்லை. பிறகு அழுதான். "யம்மா, இனி இல்ல. சத்தியம்." அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மஞ்சுக்குச் சத்தம் உண்டு என்று ஆரம்பித்தான்.

ஆள் கேட்டால், "பிரஜினுக்குக் காய்ச்சல்" என்றாள் பொன்னம்மை. "வயிறு செரியில்ல." "உஷ்ணம் பிடிச்சிருக்கு." ஒரு காலத்தில் லிங்கத்துக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய்கள்தான் அவை. எடுத்து அலசி மகனுக்கு உடுத்திவிட்டாள். எத்தனையோ நாள், அவன் உறங்காத கண்ணோடு ஜீப்பை எடுப்பதையும், லயத்துப் பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் நெருக்கி உட்காருவதையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். வண்டி திரும்பி வருகிறவரைக்கும் அவள் கை எந்த இலையைக் கிள்ளியது என்று அவளுக்குத் தெரியாது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூனியன் ஆபீசுக்கு முன்னால் லஹரி விரோதக் கூட்டம் போட்டார்கள். கன்வீனர் பகவதிப்பெருமாள்தான் பேசினார். அடுத்த வீட்டுக்காரர், நியாயமான மனிதர். "நம்ம லயத்துல அந்தச் சாதனம் ஏறுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்று கையை ஓங்கிச் சொன்னார். எல்லோரும் வலது கையை நீட்டிப் பிரதிக்ஞை எடுத்தார்கள். பொன்னம்மையும் நீட்டினாள். அவருடைய பேச்சில் லேசாகப் பிராந்தி வாடை அடித்தது. அதை யாரும் வாடையாக எடுத்துக்கொள்ளவில்லை. தினம் சாயங்காலம் அடிக்கிற வாடைதான். மழை வாடையைப் போல.

கர்க்கடகம் என்கிற ஆடி மாதம் பிறந்து ஒரு வாரம். ஐந்து நாளாக மழை விட்டு விட்டுப் பெய்தது. பிற்பகலில் மழை நின்றதும் மஞ்சு இறங்கியது. நிரையில் முன்னால் நிற்கிற பெண் தலையில் மழைக்குப் போட்ட கொங்காணி மட்டும் தெரியும், ஆள் தெரியாது. கால் விரலிடுக்கில் ஏறிய அட்டைகளை உப்புத் துணியால் ஒற்றிவிட்டுக்கொண்டு, பொன்னம்மை மூட்டையோடு எடை போடுகிற கொட்டகைக்கு வந்தபோது மணி நாலு. லயத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

பகவதிப்பெருமாளின் மகள் ஆஷாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. தாயில்லாத பெண், பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். வண்டி வேறொரு ஓட்டத்தில் இருந்தது, ஒன்றரை மணிக்கூர் ஆகும் என்றார்கள். வடிவம்மாள் கம்பை ஊன்றி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவ்வளவு நேரம் வச்சிட்டு இருக்கப்படாது. ஜீப்பை எடுக்கச் சொல்லு" என்றாள்.

பொன்னம்மை மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். முற்றத்தில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பிரஜின் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் பெரிய சிரிப்போடு பகவதிப்பெருமாளின் வாசலைப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்ணும் பேடிக்கண்டாம், பயப்படாதீங்க அண்ணாச்சி. பத்து மினிட்டு. பத்து மினிட்டுல விதுரா ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துதேன். எனக்கு ஒவ்வொரு வளைவும் உள்ளங்கை மாதிரி. கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

வெயில் நாளிலேயே நாற்பது நிமிடப் பாதை அது. அவன் உறங்கி இன்றோடு மூன்று நாள். பொன்னம்மை அவனுக்குக் குறுக்கே கையை விட்டுச் சாவியைத் திருகி உருவினாள். எஞ்சின் நின்றது. மஞ்சுக்குள் திடீரென்று அவ்வளவு நிசப்தம். வீட்டுக்குள்ளிருந்து ஆஷாவின் முனகல் கேட்டது.

"யம்மா, வெளையாடாதே. சாவியத் தா."

"தரமாட்டேன்."

பகவதிப்பெருமாள் மகளுடைய துணிப்பையோடு ஓடி வந்தார். "மைனி, என்ன இது? எம்புள்ள உள்ள துடிக்கா!"

"அண்ணாச்சி, இவன் உறங்கி மூணு நாளாச்சு. இவன் கையில ஒம்ம மகளைக் குடுக்க மாட்டேன்."

"உறங்காட்டா என்ன? நானும்தான் உறங்கல்ல."

"பொடி அண்ணாச்சி. டி.வி.யில சொல்லுதாங்கள்லா, அது. இப்போ அவன் ஒடம்புக்குள்ள இருக்கு. ஆறு மாசமாட்டு இருக்கு."

அவள் சொல்லிவிட்டாள். லயத்து ஆட்கள் எல்லோரும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். மஞ்சுக்குள் முகம் தெரியவில்லை, உருவங்கள்தான்.

"ஆறு மாசமாட்டா?" பகவதிப்பெருமாளின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அறிஞ்சுகிட்டா எங்க புள்ளைகளை இவன் வண்டியில ஏத்தி விட்டே?"

"ஆமா."

"நீ ஒரு தாயா?"

பிரஜின் குதித்து இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். அவள் சகதியில் விழுந்தாள். விழுந்தபடியே சாவியை மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். அவன் அவள் முடியைப் பிடித்தான். யாரோ இருவர் அவனை இழுத்தார்கள். "கள்ளி! எல்லாரிட்டயும் சொல்லிட்டியா? நீ எனக்குத் தாயில்ல, போ!" என்று அவன் கத்திய கத்தல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

லிங்கம் அப்போதுதான் வந்தான். பாக்டரிக்குச் செய்தி போயிருந்தது. சாம்பல் படிந்த முகத்தோடு மனைவியைத் தூக்கி நிறுத்தினான். அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் கங்கு விழுந்ததுபோலப் பார்த்தான்.

"என்னால முடியாது பொன்னம்மே. லைசென்ஸ் தீந்து நாலு வருஷம்."

"லைசென்சைக் கேட்டா நிக்கோம்?"

"கை நடுங்கும்."

கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. வடிவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்பருகே வந்தாள். கம்பை முதலில் உள்ளே போட்டாள். பிறகு கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றக் காலைக் கையால் தூக்கி வைத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் லயம் பார்த்துக்கொண்டு நின்றது.

"லிங்கம், வா. ஏறு."

"வடிவக்கா..."

"ஒடைஞ்ச இடுப்பு என்னுதுலே. எனக்கு இல்லாத பயம் ஒனக்கு எதுக்கு? நீ இன்னைக்குக் குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"பின்னே என்ன? ஏறு. புள்ளையைக் கொண்டு வாங்க."

போர்வையில் சுற்றி ஆஷாவைப் பின்னால் ஏற்றினார்கள். பகவதிப்பெருமாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் ஒரு முறை உலுக்கி நின்றது, மறுபடி உலுக்கியது. பிறகு இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் மெல்லத் திரும்பி மஞ்சுக்குள் போயின. சிவப்பு விளக்கும் மறைந்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சரிவின் விளிம்பில், குட்டிச்சுவர் ஓரமாக, எல்லோரும் நின்றார்கள். கீழே ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும்தான். லயமே ஒரு மேகத்தின் மேல் மிதப்பதுபோல் இருந்தது. பிரஜினைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் ஓடவில்லை. ஈரக்கல்லில் உட்கார்ந்து, வெறும் வாயை மென்றுகொண்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

மண்ரோட்டின் சத்தம் அடங்கியது. கொஞ்சநேரம் கழித்துக் கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று.

"மெயின் ரோடு ஏறியாச்சு," என்றான் பிரஜின். யாரிடமும் இல்லை. "பதினாலாவது வளைவு."

மறுபடியும் ஹாரன். மஞ்சுக்குள் வருவதால் எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. வானத்திலிருந்து வருவதுபோலவும் இருந்தது.

"பதிமூணு. செகண்டு கியர்ல எறக்குதார். லாரி மாதிரி நல்லா அகட்டி எடுக்கார். அப்படி எடுக்கப்படாது, எதுக்க வண்டி வந்தா... செரி. எடுத்துட்டார்."

பொன்னம்மை அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை பேசிக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டாள்.

"பன்னெண்டு," என்றான்.

அதற்கடுத்தது பதினொன்று என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த லாரியிலிருந்து விழுந்த பெண்களில் நாலுபேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஹாரன் வரவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். எங்கோ ஒரு கோழி. எஞ்சின் சத்தமும் இல்லை. வண்டி நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால்... பொன்னம்மை வாய்க்குள் ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டாள். பிரஜினின் தாடை அசைவு நின்றிருந்தது. அவன் கல்லிலிருந்து எழுந்து விளிம்புக்கு வந்தான்.

"யப்பா," என்றான் மெதுவாக. "ஃபர்ஸ்ட் போடு. ஃபர்ஸ்ட் போட்டு எடு."

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. பிறகு அடியாழத்தில், தூக்கத்தில் ஒரு ஆள் கனைக்கிறதுபோல, எஞ்சின் கனைத்தது. ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"பதினொண்ணு திரும்பிட்டார்," என்றான் பிரஜின். முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தது. "எப்படி ஓட்டுதார் பாரு யம்மா. எப்படி ஓட்டுதார் பாரு."

அதற்குப் பிறகு வந்த ஹாரன்கள் ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாகி, ஏழாவது வளைவோடு கேட்காமல் போயின.

ஏழரை மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு ஆபத்தில்லை.

மறுநாள் காலையில் லிங்கம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். கட்டன்சாயாவை ஊதிக் குடித்தபடி, பதினோராவது வளைவில் என்ன நடந்தது என்று பொன்னம்மையிடம் சொன்னான்.

"கை வரல்ல, பொன்னம்மே. பிரேக்கைச் சவிட்டிட்டு அப்படியே இருந்துட்டேன். அந்தப் பொண்ணு பின்னால கெடந்து அழுது கரையுது. வடிவக்கா எங்கையை எடுத்து அவ இடுப்புல வச்சா. 'பாத்துக்கோ, இந்த எடந்தான். இன்னும் ஒடம்புல ஒட்டிட்டுத்தான் இருக்கு. இனி வண்டியை எடு'ன்னா. எடுத்தேன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி ஏழு வருடமாகியிருந்தது.

பிரஜின் இரண்டு நாள் தூங்கினான். எழுந்ததும் மூன்று தட்டுக் கஞ்சி குடித்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கொழுந்துக்குப் போன நேரத்தில் வீட்டை விட்டு இறங்கிவிட்டான். எங்கே போயிருப்பான் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் பொன்னம்மை வேலைக்குப் போகிற உடுப்போடேயே, படங்கும் கொங்காணியுமாக, லிஜோவின் டெண்டுகள் இருக்கிற புல்மேட்டுக்கு நடந்தாள்.

மஞ்சள், ஆரஞ்சு, நீலமாக டெண்டுகள் மஞ்சுக்குள் காளான்போல் முளைத்திருந்தன. அவள் யாரையும் கூப்பிடவில்லை. நனைந்த புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தாள். லிஜோ வெளியே வந்து அவளைப் பார்த்தான். அவனுக்கும் பிரஜின் வயதுதான். கன்னம் ஒட்டி, பல் கறுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டால் காறித் துப்ப வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்திருந்தாள். துப்பத் தோன்றவில்லை.

"அம்மே, அவன் இல்ல இவிடே."

"செரி மோனே. நான் சும்மா இருக்கேன்."

மழை வந்தது, போனது. நகரத்துப் பெண்கள் இரண்டுபேர் கொழுந்தெடுக்கிற உடுப்பில் அவளைப் போட்டோ எடுத்தார்கள். மத்தியானம் ஆனது. மடியில் கட்டிக் கொண்டுவந்த கிழங்கை அவள் தொடவில்லை. பிற்பகலில், நீல டெண்டின் ஜிப் கீழிருந்து மேலாகத் திறந்தது. பிரஜின் வந்து அவள் முன்னால் நின்றான். வீங்கின மணிக்கட்டைப் பார்த்தான்.

"நான் செஞ்சதா?"

"ஆமா."

"போலீஸ் கேஸ் ஆகுமா யம்மா?"

"நாமளா வைத்தியத்துக்குப் போனா கேஸ் இல்லைன்னு சொன்னாங்க. ஆஷாவைப் பாத்த டாக்டர்ட்ட ஒங்க அப்பா கேட்டு வந்திருக்காரு."

"அப்பாவா கேட்டார்?"

"ஆமா."

அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த கிழங்கை எடுத்துப் பாதியாகப் பிட்டு அவளுக்குக் கொடுத்தான். தின்றுவிட்டு நடந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூன்றுபேரும் திருவனந்தபுரத்துக்கு இறங்கினார்கள். போதை விடுவிக்கிற அந்த மையம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். வெளியே நின்றவர்களில் வெள்ளை வேட்டிக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும், யூனிபார்ம் போட்ட ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்ட டீச்சர் ஒருத்தியும் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே ஹோட்டலில் வேலை பார்க்கிற ஒருவன், தம்பிக்காக டோக்கன் வாங்கி நின்றான். இவ்வளவு பேரா என்று பொன்னம்மைக்கு மலைப்பாக இருந்தது. டி.வி.யில் பார்த்த ஊர் முழுவதும் அந்த வராந்தாவில் வந்து நின்றதுபோல் இருந்தது.

சபீனா என்கிற கவுன்சலர் பெண் பாரத்தில் எழுதிக்கொண்டாள். தமிழும் மலையாளமுமாகப் பேசினாள். எத்தனை நாள், எவ்வளவு, கடைசியாக எப்போது என்றெல்லாம் கேட்டாள். பிரஜின் தரையைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"வீட்டில வேற ஆர்க்கெங்கிலும் லஹரிப் பழக்கம் உண்டோ?"

"இல்ல," என்றாள் பொன்னம்மை. பழக்கத்தில் வந்த பதில்.

"உண்டு," என்றான் லிங்கம். "எழுதிக்கிடுங்க. எனக்கு. இருபத்திரண்டு வருஷம்."

"இப்போ நிறுத்தியாச்சல்லே சேட்டா?"

"நிறுத்தியாச்சு. ஆனா எழுதுங்க. அஞ்சு வயசுல இவன் எனக்குச் சோடா வாங்கிட்டு வருவான். குப்பியை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிட்டு, விழுந்துறாம, லயத்து முனையிலேருந்து ஓடி வருவான். நல்ல புள்ளன்னு முதுகுல தட்டிக் குடுப்பேன். வேற எதுக்கும் நான் இவனைத் தட்டிக் குடுத்ததில்ல."

சபீனாவின் பேனா நின்றது. பிரஜின் தலையைத் தூக்கித் தகப்பனுடைய முகத்தைப் பார்த்தான். லிங்கம் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையை எடுத்து மகனுடைய முதுகில் வைத்தான். தட்டவில்லை, வைத்துக்கொண்டே இருந்தான்.

இருபத்தொரு நாள் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். போன் கூடாது என்று வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பொன்னம்மையிடம் கொடுத்தார்கள். கம்பிக் கதவுக்கு உள்ளே போனவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

வெளியே வெயில் பளீரென்று இருந்தது. மலையை விட்டு இறங்கினால்தான் இப்படியொரு வெயில் இருப்பது ஞாபகம் வரும். லிங்கம் பஸ் விசாரிக்கப் போனான். படிக்கட்டுக்குக் கீழே வாகை மர நிழலில் அவள் நின்றபோது கவருக்குள் போன் அடித்தது. திரையில் இருந்தது, லிங்கம் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பெயர்தான். பகவதிப்பெருமாள்.

அன்றைக்கு முற்றத்தில் கேட்ட கேள்விக்குப் பிறகு அவர் அவர்களோடு பேசியதில்லை. அடுத்த வீடு; கதவைத் திறந்தால் முகம். ஆனாலும் பேசியதில்லை. அவள் கவரோடு சேர்த்துப் பச்சையை அழுத்தினாள்.

"பிரஜினா?"

"நான் பொன்னம்மை, அண்ணாச்சி."

"ஓ. மைனியா. குழந்தையைப் பெட்டியிலேருந்து எடுத்தாச்சு. பால் குடிக்குது. அதைச் சொல்லலாம்னு. பிரஜின் எங்க?"

காய்ச்சல் என்று சொல்ல வாய் போனது. பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோட்டைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். லஹரி விடுதுக்கு. இருபத்தொரு நாள்."

அவர் திட்டுவதாக இருந்தால் திட்டட்டும் என்று நின்றாள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சலும் எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

"மைனி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அங்க... குடிக்கும் வைத்தியம் பாப்பாங்களா?"

"யாருக்கு?"

"அன்னைக்கு ஜீப்புல அவ தலையை மடியில வச்சிட்டு இருந்தேம்லா. நோவு வரும்போல்லாம் எம்புள்ள மொகத்தைத் திருப்பிக்கிடுதா. நோவுலன்னு நெனைச்சேன். அப்புறம் சொல்லுதா, யப்பா, கொஞ்சம் தள்ளி இரும், ஒம்ம வாடை கொமட்டுதுன்னு. அந்த நேரத்துல. அதுக்கு மேல தள்ளி இருக்க வண்டியில எடம் இல்ல, மைனி. நான் எனக்குத்தான் கேக்கேன்."

பொன்னம்மை நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"இருங்க அண்ணாச்சி, வச்சிராதீங்க. குடிக்கு எந்தக் கிழமை பாப்பாங்கன்னு இப்பமே கேட்டுச் சொல்லுதேன்," என்று சொல்லி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பப் படியேறினாள்.